மூணு வத்தலும் ஒரு குப்பி எண்ணெயும்

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். வாசலில் புதுக் கார். பின்கண்ணாடியில் 'இயேசுவின் இரத்தம் ஜெயம்' என்று சிவப்பு எழுத்து. காரைக் காட்டச் சென்னையிலிருந்து வந்திருப்பவர் பிரதர் ஜோசுவா. கோயில் பதிவேட்டில் அந்தோணி; முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து மூன்று வருடமாக ஜோசுவா. படியிறங்கி வருபவர் அவருடைய அப்பாவின் அக்கா இருதயமேரி. ஒரு கையில் நாலு எலுமிச்சம்பழம். முந்தானை முடிச்சில் மூன்று வத்தல், ஒரு பிடி கல்லுப்பு, நாலு முக்கு மண்.

அத்தை: ஏலே அந்தோணி, வண்டி நல்லா இருக்கு. ஆனா எடுத்துறாத. நாலு டயருக்கும் பழம் வைக்கணும். அதுக்கு முன்ன ஒனக்குச் சுத்திப் போடணும். ஊர்க்கண்ணு பூரா ஒம்மேலதான் கிடக்கு.

பிரதர்: ஸ்தோத்திரம் அத்தை. என் பேரு ஜோசுவா.

அத்தை: உவரி அந்தோணியாருக்கு நேந்து, நாந்தான் ஒன்னைய மடியில வச்சு மொட்டை போட்டேன். முடி முளைச்சிருச்சுங்கிறதுக்காக நேந்தது இல்லன்னு ஆயிருமாலே?

பிரதர்: உபாகமம் 18-ஆம் அதிகாரத்தை வாசிங்க. நாள் பார்க்கிறது, குறி கேட்கிறது, மந்திரம் போடுறது எல்லாமே கர்த்தருக்கு அருவருப்பு. உங்க முந்தானையில இருக்கிறது அஞ்ஞானப் பழக்கம். நம்ம முன்னோர் வேதத்துக்கு வர்றதுக்கு முன்னால செய்தது.

அத்தை: அப்படியா? பேரன் பாடப்புத்தகத்தைச் சத்தமா வாசிச்சான், கேட்டுக்கிட்டிருந்தேன். மிளகா வத்தல் இந்த நாட்டுதே இல்லியாம். போர்த்துக்கல்காரன் கப்பல்ல கொண்டுவந்ததாம். வேதம் சொல்லச் சவேரியாரு 1542-ல வந்ததும் அவன் கப்பல்லதான். அப்போ வேதமும் வத்தலும் ஒரே துறையில இறங்கியிருக்கு. இதுல எது அஞ்ஞானம்னு நீயே பிரிச்சுச் சொல்லு.

பிரதர்: வத்தல் குழம்புக்கு வந்தது அத்தை. தலையைச் சுத்த வரலை.

அத்தை: சுத்தும்போது என்ன சொல்லுதேன்? பிதா, சுதன், பரிசுத்த ஆவி. மூணு பேரு, மூணு வத்தல், மூணு சுத்து. எங்க ஆச்சி 'இஸ்பிரீத்து சாந்து'ன்னுதான் சொல்லுவா.

பிரதர்: அர்த்தம் தெரியாத வார்த்தையைச் சொல்லிச் சுத்தினா, அதுக்குப் பேருதான் மந்திரம்.

அத்தை: ஒங்க சபையில ராத்திரி ஒரு மணி வரைக்கும் அந்நிய பாஷை பேசுதாங்களே, அதுல ஒரு வரிக்கு அர்த்தம் சொல்லு.

பிரதர்: அது ஆவியானவர் கொடுத்த வரம்.

அத்தை: இது ஆச்சி குடுத்த வரம்.

பிரதர்: கண்ணூறுன்னு ஒண்ணு கிடையாது அத்தை. இருக்கிறது பொறாமையின் ஆவி. காரை எடுத்த அன்னைக்கே பாஸ்டர் ஜெபத்துல கண்டுபிடிச்சுட்டார். என் ஆபீஸ்ல ரெண்டு பேர்கிட்டருந்து புறப்பட்டு வருதாம்.

அத்தை: பாத்துப் பொறாமைப்பட்டா நமக்குக் கெடுதல் வரும். அதானே?

பிரதர்: ஆமா.

அத்தை: அதைத்தானே கண்ணூறுங்கோம்?

பிரதர்: இது வேதத்தின்படி.

அத்தை: சரி. அதுக்கு என்ன பரிகாரம் செஞ்சாரு?

பிரதர்: பரிகாரம்னு சொல்லாதீங்க. அபிஷேக எண்ணெய். முன் பம்பர்ல ஒரு சிலுவை, நாலு கதவுலயும் ஒவ்வொரு சொட்டு.

அத்தை: டயருக்கு?

பிரதர்: ... டயருக்கும்தான்.

அத்தை: என் பழம் டயருக்கு அடியில, ஒன் எண்ணெய் டயருக்கு மேல. குப்பி என்ன விலை?

பிரதர்: விலை கிடையாது. விதைக் காணிக்கை. விதைச்சா நூறு மடங்கா அறுக்கலாம்.

அத்தை: எவ்வளவு விதைச்சே?

பிரதர்: ஐந்நூறு. அது சின்னக் குப்பி.

அத்தை: என் உப்பும் வத்தலும் அஞ்சு ரூபா பெறாது. மண்ணு முக்குலயே கிடக்கு, யாரும் காணிக்கை கேக்கல.

பிரதர்: நீங்க மட்டும்? ஜெபமாலை, மெழுகுவத்தி, எண்ணெய், எல்லாத்தையும் சாமியார்கிட்ட நீட்டி 'மந்திரிச்சுத் தாங்க'ங்கிறீங்க. வார்த்தையிலேயே மந்திரம் இருக்கே!

அத்தை: ஆசீர்வதிச்சாருன்னு சொன்னா ஒனக்கு இனிக்கும், மந்திரிச்சாருன்னு சொன்னா கசக்கும். ஒங்களுக்குச் சரக்கு முக்கியமில்ல, லேபிள்தாம்லே முக்கியம். எங்க பங்குச் சாமியும் திட்டத்தான் செய்யுதாரு. 1599-லயே மலையாளக் கரையில, உதயம்பேரூர்ல, பேராயரு சங்கம் கூட்டி, மந்திரவாதிகிட்டப் போகக் கூடாதுன்னு தீர்மானம் போட்டாராம். நானூறு வருசமா அவங்க சொல்லுதாங்க. நானூறு வருசமா நாங்களும் கேக்கத்தான் செய்யுதோம். காதால.

பிரதர்: அதான் உங்க பிரச்சினை. ஓரியூர்ல போய்ச் சிவப்பு மண்ணை அள்ளிட்டு வந்து தண்ணியில கரைச்சுக் குடிக்கிறீங்க. மண் எப்படி அத்தை நோயைத் தீர்க்கும்?

அத்தை: அருளானந்தரு தலையை 1693-ல வெட்டின இடம்லே அது. அவரு ரத்தம் சிந்தின மண்ணு. போன தடவை நீ எனக்கு ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்தியே, அதுல என்ன இருந்தது?

பிரதர்: எருசலேம் மண்.

அத்தை: கூட ஒரு குப்பித் தண்ணி?

பிரதர்: யோர்தான் தண்ணி. அது சும்மா ஞாபகத்துக்கு.

அத்தை: அப்போ ஏன் காய்ச்சல் வந்தா நெத்தியில தடவுங்கன்னு சொன்னே? விமானத்துல வந்தா விசுவாசம், ராமநாதபுரம் பஸ்ஸுல வந்தா சூனியமா?

பிரதர்: நாங்க எதையும் வசனத்தை வச்சுத்தான் செய்வோம் அத்தை. இந்த வருசம் எனக்குக் கிடைச்ச வாக்குத்தத்தமே 'உன்னை ஆசீர்வதிப்பேன்'கிற மாதிரி ஒரு வசனம். அதை நம்பித்தான் கார் லோனே போட்டேன்.

அத்தை: டிசம்பர் 31 ராத்திரி ஒரு தட்டுல சீட்டை அடுக்கி, கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணு எடுக்கச் சொல்லுவாங்களே, அதா?

பிரதர்: ஆமா. அந்த வருசத்துக்குக் கர்த்தர் நமக்குன்னு கொடுக்கிற வார்த்தை.

அத்தை: அந்தத் தட்டுல ஒரு சாபச் சீட்டாவது உண்டாலே? வேதத்துல அதுவும் பக்கம் பக்கமா இருக்கே. யோபுக்கு வந்த புண்ணு, எகிப்துக்கு வந்த வெட்டுக்கிளி?

பிரதர்: அதெல்லாம் எப்படி அத்தை வைப்பாங்க?

அத்தை: கிளி ஜோசியக்காரன்கூட நாலு கெட்ட படத்தைக் கட்டுக்குள்ள வச்சிருப்பான். அவன் நேர்மை ஒங்க சபைக்கு இல்லியே! அவன்கிட்ட எடுக்கிறது கிளி, ஒங்ககிட்ட எடுக்கிறது நீ. கிளிக்கு ஒரு நெல்லாவது கிடைக்கும்.

பிரதர்: கிண்டல் போதும் அத்தை. நான் ஒண்ணு சொல்றேன், பொறுமையாக் கேளுங்க. அப்போஸ்தலர் 19. எபேசு பட்டணம். பவுலோட உடம்புல பட்ட உருமாலைக் கொண்டுபோய்ப் போட்டா நோயாளிங்க சுகமானாங்க...

அத்தை: துணியைத் தொட்டுச் சுகமா? அப்போ என் கழுத்துல கிடக்கிற உத்தரியத்தை மட்டும் ஏன்...

பிரதர்: முழுசாக் கேளுங்க. அதே அதிகாரத்துல ஸ்கேவாவோட ஏழு பிள்ளைங்க, பேயோட்டுறவங்க. பவுல் சொல்ற பேரைச் சொன்னா பேய் ஓடுதேன்னு, அந்தப் பேரை அவங்களும் எடுத்துக்கிட்டாங்க. இயேசுவைத் தெரியாது, அவர் பேரு மட்டும் தெரியும். பேய் என்ன செஞ்சுது? 'அவரைத் தெரியும், பவுலையும் தெரியும், நீங்க யாரு'ன்னு கேட்டு அடி பின்னிடுச்சு. ஏழு பேரும் காயத்தோட, துணியில்லாம ஓடினாங்க.

அத்தை: துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓடினதுன்னா அதுதாம்லே!

பிரதர்: அதைப் பாத்து ஊர்ல மந்திரம் செஞ்சவங்கள்ல நிறையப் பேர் தங்களோட புத்தகங்களைக் கொண்டுவந்து எரிச்சாங்க. ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு பெறுமாம். அத்தை, உருமால் குத்தமில்ல. பேரும் குத்தமில்ல. பேரை எடுத்து ஆயுதம் மாதிரி வீசுறோம் பாருங்க, அங்கதான் அது மந்திரமாகுது. கேட்டா ஜெபம். நடந்தே தீரணும்னா சூனியம்.

(அத்தை சிறிது நேரம் பேசவில்லை. உப்பை மட்டும் விரலால் அளைகிறார்.)

அத்தை: நல்லாச் சொன்னேலே. நெசமாவே நல்லாச் சொன்னே. நேத்து ராத்திரி சோத்துக்கு முன்ன ஒரு ஜெபம் பண்ணினியே, அதைத் திருப்பிச் சொல்லட்டுமா? 'கட்டளையிடுகிறேன், உரிமை கோருகிறேன், கட்டவிழ்க்கிறேன், இந்த மாதமே பிரமோஷன் வரக்கடவது.' மந்திரவாதியாவது பேய்க்குத்தான் ஆர்டர் போடுவான். நீ ஆண்டவருக்கே போடுதியே!

பிரதர்: அது... விசுவாசத்தோட பேசுறது.

அத்தை: ஸ்கேவா பிள்ளைகளும் அப்படித்தாம்லே நினைச்சிருப்பானுவ.

(பிரதர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கண், கூடத்துப் பீடத்தில் நிலைக்கிறது.)

பிரதர்: அத்தை, அந்தச் சுரூபம் ஏன் சுவரைப் பாத்து நிக்குது?

அத்தை: எது?

பிரதர்: அந்தோணியார். முதுகுதான் தெரியுது.

அத்தை: அது... பீரோ சாவி தொலைஞ்சு நாலு நாளாச்சு. எடுத்துத் தந்தாத்தான் இந்தப் பக்கம் திருப்புவேன்னு சொல்லியிருக்கேன்.

பிரதர்: நான் ஆர்டர் போடுறேன். நீங்க லாக்-அப்புல வைக்கிறீங்க.

அத்தை: எங்களுக்குள்ள பழக்கம்லே. அவரு கோவிச்சுக்கிட மாட்டாரு.

பிரதர்: எனக்கும் கர்த்தருக்கும் பழக்கம்தான் அத்தை.

(இருவரும் சிரித்துவிடுகிறார்கள்.)

அத்தை: சிரிக்கிற விசயம் மட்டுமில்ல. அடுத்த தெருப் பிள்ளை தனக்குத்தானே பேசுதான்னு, பிசாசுன்னு சொல்லி ஆறு மாசம் கோயில் கோயிலாக் கூட்டிக்கிட்டு அலைஞ்சோம். நானும் வத்தல் சுத்தினேன். கடைசியில டாக்டரு குடுத்த மாத்திரையிலதான் தெளிஞ்சா. அந்த ஆறு மாசத்தை எந்தப் புனிதர் திருப்பித் தருவாரு?

பிரதர்: எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் விசுவாசம்னு சொல்லிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். கைதட்டினோம். கால்ல ஒரு விரலை எடுத்த பிறகு யாரும் தட்டலை.

அத்தை: மாத்திரையை நிறுத்தச் சொல்லுற எண்ணெயும் வேண்டாம், வத்தலும் வேண்டாம். அதை மட்டும் ரெண்டு பேரும் ஒத்துக்கிடுவோம்.

பிரதர்: ஆமென்.

அத்தை: ஆமென். கிளம்பு, இருட்டுறதுக்கு முன்ன மதுரையைத் தாண்டிரு.

பிரதர்: ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுக் கிளம்புறேன். (கண்களை மூடிக் கைகளை உயர்த்துகிறார்.) கர்த்தாவே, இந்த வாகனத்துக்கு விரோதமா எழும்புற ஒவ்வொரு பொறாமையின் ஆவிக்கும் இப்போதே கட்டளை... (நிறுத்துகிறார். தொண்டையைச் செருமுகிறார்.) ...எங்களைக் காத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன் ஆண்டவரே. நான் சீட் பெல்ட் போட்டுக்கொள்ள மறக்காதபடி உதவி செய்யும். ஆமென்.

(கண் திறக்கிறார். அத்தையின் முந்தானை முடிச்சு அவிழ்ந்து கிடக்கிறது. வாசலோரச் சட்டியில் சிரட்டைக் கங்கு சிவந்திருக்கிறது. அதில் வத்தலும் உப்பும் படபடவென வெடிக்கின்றன. கூடத்தில் அந்தோணியார் இந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார்.)

பிரதர்: அத்தை! எப்போ சுத்தினீங்க?

அத்தை: நீ கண்ணை மூடியிருந்தேல்ல, அப்பதான். மூணு சுத்தும் முடிஞ்சுது. வத்தல் நெடி மூக்குல ஏறி இருமல் வந்தா ஒரு கண்ணும் படலன்னு அர்த்தம். நெடி வரலேன்னாத்தான் கண்ணூறு.

பிரதர்: சுத்த மூடநம்பிக்கை. வர்றேன் அத்தை.

(காரில் ஏறி, கதவைச் சாத்தி, சாவியைத் திருகுகிறார். வண்டி நகரவில்லை. கண்ணாடி மெல்ல இறங்குகிறது. மூக்கை உறிஞ்சிப் பார்க்கிறார், மறுபடியும் உறிஞ்சுகிறார்.)

பிரதர்: அத்தை... நெடி வரலையே?

அத்தை: வந்தா என்ன, வராட்டா ஒனக்கென்ன, ஜோசுவா?