துரை ஆண்டது பாதி, மீன்காரர் ஆண்டது மீதி

எங்கள் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் வந்த முதல் தலைச்சுமை வியாபாரி அகத்தியர். சரக்கு: தண்ணீர். கமண்டலத்தில் அடைத்து எடுத்து வந்த காவிரியைக் காக்கை ஒன்று தட்டிவிட, மொத்தத்தையும் குடகிலேயே கொட்டிவிட்டு வெறுங்கையோடு எங்கள் தலைக்கு மேலே நிற்கும் 1868 மீட்டர் உயர மலையில் போய் உட்கார்ந்துகொண்டார். புராணம் இதைத் தவம் என்கிறது. முதலைத் தொலைத்தவர் கடன்காரன் முகத்தில் விழிக்காமல் மலையேறிவிட்டார் என்பது தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பாட்டியின் கணக்கு.

1850களில் ஜான் ஆலன் புரூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதே மலையில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துப் பூமியின் காந்தம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தார். திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்துக்கே தலைவர். ஆனால் விற்பதற்கு அவரிடம் ஒரு சீப்பு கண்ணாடிகூட இல்லை. ஆகவே லயத்து வரலாற்றில் அவருக்கு இடம் இல்லை.

அப்புறம் வெள்ளைக்காரத் துரைமார் காட்டை வெட்டினார்கள், தேயிலை நட்டார்கள், தமிழ் பேசும் சனங்களை லயத்தில் குடிவைத்தார்கள் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். அது நிர்வாகம். ஆட்சி வேறு, அது சுமை தூக்கி வந்த வியாபாரிகளுடையது. 1956 நவம்பர் 1இல் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் எல்லாம் அன்றைய சென்னை மாநிலத்தோடு போக, நாங்கள் கேரளத்தில் நின்றோம். மாநிலம் மாறி என்ன, எங்களுக்கு மீன் மலையாளத்தில் வந்தது, கடன் தமிழில் வந்தது.

கீழே நெடுமங்காட்டில் பெரிய சந்தை உண்டு. அதற்குள் ஒடுக்கப்பட்ட சாதியார் கால் வைக்கும் உரிமைக்காகவே 1912இல் அய்யன்காளி ஆட்களோடு போய் அடிதடி வரை பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் காலத்தில் உரிமை இருந்தது, பஸ்ஸுக்குத்தான் காசு இல்லை. அதனால் சந்தையே மலையேறி வந்தது.

முன்னால் வருவது மீன்காரரின் சத்தம். வளைவுக்கு அந்தப் பக்கமே "கூஊஊய்" என்று ஒரு கூவல். லயத்துப் பூனைகள், காலையில் பேர் கூப்பிடும் மஸ்டருக்கு நிற்பதுபோல வாசலில் வரிசையாக நிற்கும். விழிஞ்ஞத்தில் ஒரு தடவை செத்த சாளை, விதுரா தாண்டி ஏற்றத்தில் வரும்போது இன்னொரு தடவை சாகும். பாட்டி செவுளைத் தூக்கிப் பார்ப்பாள்.

"இது செத்து பதினாறாம் நாள் காரியமே முடிஞ்சிருக்குமே?"

"அம்மச்சி, பச்ச மீனாக்கும். மலை ஏறின களைப்பு."

களைப்புக்கு ஒரு ரூபாய் குறையும். மீதி பற்று. அன்று ராத்திரி எல்லா அடுப்பிலும் மரச்சீனியும் சாளைக் குழம்பும்தான். மரச்சீனியைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. கிழங்கைக் கொடுத்துவிட்டுத் தொட்டுக்கொள்ள ஒன்றும் கொடுக்காமல் போய்ச் சேர்ந்தார். அந்தக் குறையைத் தீர்த்தவர் எங்கள் மீன்காரர். இவரல்லவா ராஜா?

ராஜாவுக்கு மேலே சக்கரவர்த்தி ஒருவர் இருந்தார். தவணைத் துணிக்கார அண்ணாச்சி. தலையில் மூட்டை, காதில் பென்சில், இடுப்பில் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டிய நோட்டு. நோட்டில் யார் பெயரும் கிடையாது, அடையாளம்தான்: 'மூணாம் லயம் மூக்குத்தி', 'குழாயடி செவிடன் மருமக'. தோட்டத்து அட்டையாவது வயிறு நிறைந்தால் தானாக விழுந்துவிடும், அண்ணாச்சி விழ மாட்டார். அவர் தலை தெரிந்ததும் அம்மாமார் கதவுக்குப் பின்னால் போய்விடுவார்கள். வாசலில் காவல் பிள்ளைகள்.

"அம்மா கொழுந்துக்குப் போயிருக்கா."

"சரி மக்கா. வந்தா, கதவுக்குக் கீழ காலு தெரியுதுன்னு நான் சொன்னதாச் சொல்லு."

தீபாவளியோ கிறிஸ்துமஸோ, அண்ணாச்சி கொண்டுவருவது ஒரே பீஸ். அந்த வருடம் பச்சைக் கட்டம். லயத்துப் பையன்கள் எல்லோருக்கும் பச்சைக் கட்டச் சட்டை, மிஞ்சியதில் தலையணை உறை. ஒருநாள் சூப்பர்வைசர் குவார்ட்டர்ஸில் கொய்யா மரம் மொட்டையானது. அவர் வேகமாக வந்து, "ஓடினவன் சட்டையைப் பார்த்தேன், பச்சைக் கட்டம்!" என்றார். அத்தனை பேரும் வெளியே வந்து நின்றோம். ஒரு தகப்பனார் மிகவும் பணிவாக, "சார், கட்டம் பெருசா சின்னதா?" என்று கேட்டார். விசாரணை அதோடு முடியவில்லை. சூப்பர்வைசரின் சொந்த மகன் பள்ளிக்கூடம் விட்டு அந்நேரம் பார்த்து வந்தான். அவனும் பச்சைக் கட்டம். அப்போதுதான் முடிந்தது. சூப்பர்வைசர் வீட்டம்மாவும் கதவுக்குப் பின்னால் நிற்கிறவர் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

மற்றவர்கள் எல்லாம் சிற்றரசர்கள். பழைய இரும்புக்காரரிடம் ஒருவன் அப்பாவின் கவாத்துக் கத்தியைக் கொடுத்துப் பேரீச்சம்பழம் தின்றான். அடுத்த தடவை அவர் அதே கத்தியைச் சாணை பிடித்து அதே அப்பாவுக்கு விற்றார். ஐஸ்காரர் மூடுபனியில் பெட்டியைத் தட்டிக்கொண்டு வருவார். பல் கிட்டும் குளிரில் சேமியா ஐஸ் விற்கிறவனைப் பைத்தியம் என்றார்கள் பெரியவர்கள். பெட்டி காலியாகித்தான் இறங்கும்.

சம்பளத் தேதியன்று ஆபீஸ் வாசலில் இவர்கள் எல்லோரும் கூடி நிற்பார்கள். உள்ளே கையெழுத்துப் போட்டு வாங்கிய காசு, வெளியே வந்து பத்தடி நடப்பதற்குள் மீனாகவும் துணியாகவும் கழிந்துவிடும். துரை எங்களுக்குச் சம்பளம் கொடுத்தார் என்பது பேச்சுக்கு. எங்கள் கை வழியாக அண்ணாச்சிக்குத்தான் கொடுத்தார்.

அதனால்தான் தோட்டம் நொடிக்கப்போவது முதலில் அண்ணாச்சிக்குத் தெரிந்தது. எந்தச் சங்கமும் கொடி பிடிக்குமுன், எந்தப் பேப்பரும் எழுதுமுன், ஒரு மாதம் அவர் பழைய பாக்கியை மட்டும் கேட்டார், மூட்டையை அவிழ்க்கவில்லை. பிறகு கூலி பாக்கி விழுந்தது, தொழிற்சாலை நின்றது, இயந்திரங்கள் துருப்பிடித்தன, லயத்து ஓடுகள் ஒழுகின. கூவலும் நின்றது.

இப்போது மலைக்குப் புதுச் சரக்கு வந்திருக்கிறது: பேய். ஆளில்லாத துரை பங்களாவில் வெள்ளைக்காரச் சிறுமியின் ஆவி உலாவுகிறதாம். கேமராவோடு வந்து நடுங்கிக் காட்டிவிட்டுப் போகிறார்கள். எங்கள் காலத்தில் அங்கே பேயே கிடையாது. இருந்திருந்தால் அண்ணாச்சி அதற்கும் ஒரு வெள்ளைப் புடவை தவணையில் கொடுத்து, நோட்டில் 'பங்களா, கால் தெரியாது' என்று குறித்திருப்பார்.

பேய் பார்க்க வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். காணித்தடம் செக்போஸ்ட் தாண்டினால் கடை தேடி அலைய வேண்டிவரும். வரும் வழியில் விதுராவில் ஒரு கிலோ சாளை வாங்கி வாருங்கள். லயத்தில் இன்னும் மனிதர்கள் இருக்கிறார்கள். ரொக்கம் கொடுத்தே வாங்கிக்கொள்வார்கள், செவுளை மட்டும் தூக்கிப் பார்ப்பார்கள்.