கேமராவை உள்ள வை: வடசென்னையில் படமெடுப்பு ஒழுங்குமுறை குறித்த ஒரு முதனிலை ஆய்வு

0. ஆய்வுச் சுருக்கம்

ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் நிலப்பரப்பில் எதைப் படமெடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது, எடுத்தால் யார் தடுப்பார், தடுத்தபின் எத்தனை அடி தள்ளி நின்று எடுத்தால் அவர் கண்டுகொள்ளமாட்டார் என்னும் வினாக்கள் இதுகாறும் அறிஞர்களால் தொடப்படவில்லை. தொடத் தேவையில்லாதவை என்பது காரணமாக இருக்கலாம். அந்தக் காரணம் தமிழ் ஆய்வுலகை இதற்குமுன் ஒருபோதும் தடுத்ததில்லை ஆகையால் இக்கட்டுரை எழுதப்படுகிறது. ஆய்வு முறை: கள ஆய்வு. அதாவது, சும்மா சுற்றி வந்தது.

1. முன்னோடிகள்

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-ல் தோன்றியது. 1856-ல் லின்னேயஸ் ட்ரைப் என்னும் ராணுவ கேப்டன் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் ஆனார். 1858-ல் அருங்காட்சியகத்துக்கு வந்து, அங்கிருந்த அமராவதிச் சிற்பங்களைப் படமெடுத்தார். வாசலில் அவரிடம் கேமரா டிக்கெட் கேட்டதாகக் குறிப்பில்லை. அதே ஆண்டு தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடிக்குமேல் நீளும் ஒரே படமாக்கினார். இன்று ஒருவர் கைபேசியைப் பிடித்துக்கொண்டு தன்னைத் தானே சுற்றினால் கிடைக்கும் அதே வகைப் படம்தான். ட்ரைப் சுற்றவில்லை, கேமராவோடு நகர்ந்தார்.

1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவலியன், இதெல்லாம் ஆடம்பரம் என்று வேலையை நிறுத்தச் சொன்னார். படமெடுப்பை ஒழுங்குபடுத்த ஆகச் சிறந்த வழி அதை நிறுத்திவிடுவதே என்னும் கோட்பாடு இம்மாநிலத்தில் இவ்வாறு நிலைபெற்றது. பின்வந்தோர் எவரும் இதை மறுக்கவில்லை; பெயின்ட் அடித்துப் பலகையில் எழுதினர்.

2. இடவகை

2.1. பூங்கா. ராயபுரம் ராபின்சன் பூங்காவில்தான் 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது. அன்று கைபேசி இருந்திருந்தால் பேச்சைக் கேட்டவர்களைவிடப் பேச்சுக்கு முதுகைக் காட்டித் தன்னைத் தானே எடுத்துக்கொண்டவர்கள் அதிகமாக இருந்திருப்பர். பூங்காக்களில் இன்று எழுதப்படாத விதி ஒன்றே: காதலர்களைப் படமெடுக்கக் கூடாது, காதலர்களும் எடுக்கக் கூடாது.

2.2. ரயில் நிலையம். ராயபுரம் நிலையத்தை 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். நாட்டில் இன்றும் நிற்கும் நிலையங்களில் இதுவே மூத்தது. தூண்கள் கம்பீரமானவை. ரயில் பிடிக்க வந்தவர் தூணில் சாய்வார். தூணைப் படம் பிடிக்க வந்தவர் மறைக்கிறது என்று ரயிலைத் திட்டுவார்.

2.3. கோயில். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடைசெய்ய உத்தரவிட்டது. திருவொற்றியூருக்கு இது புதிதன்று. அங்கே மூலவர் ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருக்கிறார்; கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி 3 நாள் மட்டுமே கவசமின்றிக் காட்சி தருகிறார். பார்வையாளர் மேலாண்மையில் முதுநிலைப் பட்டம் பெற்றோர் இவரிடம் பயிற்சி பெறலாம்.

2.4. துறைமுகம். கூடாது. காவலாளியின் முதுகுக்குப் பின்னால் 1923-ம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் நிற்கிறது. அதற்கு 9 ஆண்டு முன்னர், 1914 செப்டம்பர் 22 இரவு, இதே கரையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திப்போன எம்டன் கப்பல் முன்கூட்டி வந்து செல்ஃபி எடுத்ததாகத் தெரியவில்லை என்பதும் கருதத்தக்கது.

2.5. எண்ணூர் கழிமுகம். படமெடுக்கத் தடை இல்லை. அங்கே தடுத்திருக்க வேண்டியவை வேறு.

3. தொழில்முறையாளர் யார்?

இதுவே இவ்வாய்வின் இதயம். பிற பகுதிகளை வாசகர் தாண்டிச் செல்லலாம் (தாண்டியிருப்பர் என்பது துணிபு). அறிவிப்புப் பலகைகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன: வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம், தொழில்முறைப் படப்பிடிப்பு என்றால் முன் அனுமதியும் கட்டணமும் வேண்டும். யார் தொழில்முறையாளர் என்று பலகை சொல்வதில்லை. சொல்பவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பவர். அவருடைய தீர்ப்பு முறையில் மூன்று மரபுகளைக் காண்கிறோம்.

3.1. நீள மரபு. லென்ஸ் விரலளவு என்றால் பொதுமக்கள்; முழங்கை அளவு என்றால் தொழில் (காவலாளி, வாய்மொழி, காலைப் பணிமுறை). இதன்படி, திரையரங்கச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கத்தக்க படமெடுக்கும் புதுக் கைபேசி உள்ளே போகும். மாமா துபாயிலிருந்து கொண்டுவந்து, பூஞ்சை பிடித்துப்போன பழைய கேமரா வாசலில் நிற்கும்.

3.2. மணமகள் மரபு. பட்டுப்புடவையில் ஒரு பெண் வந்தால் அது தொழில். கேமராவே இல்லாமல், வளைகாப்பு முடிந்து காற்று வாங்க வந்த பெண்ணும் இவ்வாறு நிறுத்தப்பட்டதுண்டு (மேற்படியார், மாலைப் பணிமுறை, சற்றே கோபமான பாடம்).

3.3. கால் மரபு. ஆழ்ந்த மரபு இதுவே. மத்தியத் தொல்லியல் துறையின் இடங்களிலேயே கையால் பிடித்து எடுப்பது ஒரு சாதி, முக்காலி போட்டு எடுப்பது வேறு சாதி. பின்னதற்கு முன் அனுமதி வேண்டும். 2018 ஜூலையில் தாஜ்மகாலின் கல்லறைக் கூடம், அஜந்தா, லே அரண்மனை மூன்றும் நீங்கலாக எல்லா நினைவுச் சின்னங்களிலும் படமெடுக்கலாம் என்று கதவு திறந்தபோதும் முக்காலி வெளியேதான் நின்றது. ஆக, குற்றம் கேமராவில் இல்லை, கால்களில் இருக்கிறது. எத்தனை கால் வரை குற்றமில்லை?

3.3.1. சுழியக் கால். கைபேசி. குற்றமில்லை.

3.3.2. ஒற்றைக்கால். பறவைப் படக்காரர்கள் கொண்டுவரும் ஒற்றைத்தடி. முக்காலிக்கு ஓர் அனுமதி என்றால் இதற்கு மூன்றில் ஒரு பங்கு அனுமதி போதும் என்பது கணிதம். ஊன்றுகோல் என்று சொல்லி நொண்டிக்கொண்டே உள்ளே போவது நடைமுறை (நொண்டல் இடக்காலா வலக்காலா என்பதில் பாடபேதம் உண்டு, திரும்பி வரும்போது கால் மாறிவிட்டதைக் காவலாளி மட்டுமே கவனித்தார்).

3.3.3. இருகால். நண்பனைக் குனியவைத்து அவன் தோள்மேல் கேமராவை வைத்தல். ஆதார் உள்ள கால்கள் ஆதலால் தடுக்க வழியில்லை. நண்பன் மூச்சு விடும்போது படம் ஆடும். ஆடிய படத்தைக் கலைப்படம் என்று கண்காட்சியில் வைப்பர்.

3.3.4. முக்கால். கூடாது.

3.3.5. நாற்கால். இங்கேதான் இத்துறை திகைத்து நிற்கிறது. ஒரு பூங்கா வாசலில், முக்காலியைப் பறிகொடுத்த இளைஞன் முகம் வாடி நின்றான். காவலாளி மனம் இளகி, தாம் உட்கார்ந்திருந்த நாற்காலியையே தூக்கிக்கொடுத்து, “இது மேல வெச்சி எடுத்துக்க தம்பி, ஆடாது” என்றார். மூன்று கால் குற்றம். நான்கு கால் கருணை! நாற்காலி அரசு உடைமை, முக்காலி தனியார் உடைமை என்று பொதுவுடைமை நோக்கில் விளக்குவாரும் உளர். முக்காலிக்கு உட்காரும் பலகை இல்லை, எனவே அதன் நோக்கம் ஐயத்துக்குரியது என்று பயன்பாட்டு நோக்கில் விளக்குவாரும் உளர் (நாற்காலியின் முதுகுப்புறம், பால்பாயிண்ட் கல்வெட்டு, மூன்றாம் வரி, இரண்டாம் வரி பல்லாண்டுகள் சாய்ந்தவர்களின் சட்டையில் தேய்ந்துபோயிற்று, முதல் வரி ஒரு பெண்ணின் பெயர், பாதியில் நிற்கிறது, முழு விவாதத்துக்கு எதிர்க்கடை போண்டா மடித்த காகிதம், எண்ணெய் படாத பாதி, குறிப்பாகச் சட்னித் தீவுக்கு வடக்கே உள்ள பத்தி, தெற்கே உள்ள பத்தி பிற்சேர்க்கை என்பது என் கருத்து, அதை ஒப்பாதவர்கள் போண்டா தின்றறியாதவர்கள்).

3.3.6. அறுகால் முதலியன. தும்பி, வண்டு. இவற்றை எடுக்க வருவோர் பூங்காத் தரையில் குப்புறப் படுப்பதால் காவலாளி முதலில் தண்ணீர் தெளிக்கிறார், பிறகே கட்டணம் கேட்கிறார்.

4. படிவம் இல்லாத பொருள்

இதுவரை கண்ட விதிகள் யாவும் சுவர், சிலை, தூண், செடி ஆகியவற்றின் மானத்தைக் காப்பவை. எல்லாவற்றுக்கும் பலகை உண்டு. மனிதரை எடுக்கப் படிவமும் இல்லை, கட்டணமும் இல்லை.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் மறுபடி கழிமுகத்துக்கு வந்தது, மறுபடியும் அள்ளினார்கள். கறுத்த கைகளை எடுக்க வந்த லென்ஸ்கள் எல்லாம் முழங்கை அளவு. ஒற்றைக்கால், முக்கால், பறக்கும் கேமரா என எல்லாம் வந்தன. அன்று எந்தக் காவலாளியும் நாற்காலியை விட்டு எழவில்லை. அந்தக் கைகள் பிற்பாடு கருத்தரங்க மேடைத் திரைகளில் ‘விளிம்பின் உடல்மொழி’ முதலிய தலைப்புகளுக்குக் கீழே தோன்றின. கைகளுக்கு உரியவர்களுக்கு அழைப்பிதழ் போனதாகத் தெரியவில்லை. மதிய உணவு சைவம் என்பதால் இருக்கலாம்.

விதிவிலக்கு ஒன்றே ஒன்று. காசிமேடு. விடியுமுன் லாஞ்சுகள் வந்து கட்டி, ஏலம் முடிந்து, கூடைகள் தரைக்கு வந்த நேரம். ஐஸ் தண்ணீர் வழியும் பலகைக்குப் பின்னால் ஓர் அம்மா சங்கராவை வால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கமாக அடுக்கிக்கொண்டிருந்தார். எதிரே ஆய்வாளர் ஒருவர் குந்தி உட்கார்ந்து லென்ஸைத் திருகினார்.

“இன்னா தம்பி, மீன் வாங்க வந்தியா, மூஞ்சிய வாங்க வந்தியா?”

“சும்மா ஒரு போட்டோதாங்க்கா. ஆராய்ச்சிக்கு.”

“சும்மாவா? ஐஸு சும்மா வருதா, டீசலு சும்மா வருதா? கிலோ சங்கரா எடுத்துக்க, அப்பால எத்தினி வோணா எடு.”

அவர் வாங்கினார். அம்மா கையைப் புடவையில் துடைத்து, முந்தானையை இழுத்துச் செருகி, கனகாம்பரம் தெரியும்படி தலையைத் திருப்பிக்கொண்டு, “இப்ப எடு” என்றார். ஆய்வாளர் முகத்தில் ஏமாற்றம். அவருக்கு வேண்டியிருந்தது துயரம்.

உலகின் எந்த அருங்காட்சியகமும் இவ்வளவு சுருக்கமான ஒழுங்குமுறையை வகுத்ததில்லை: கட்டணம் முன்கூட்டி, அது பொருளுக்கே சேரும், எந்தக் கோணம் என்பதைப் பொருளே தீர்மானிக்கும்.

5. பரிந்துரைகள்

அ. முக்காலிக்காரர்களுக்கு வாசலிலேயே நாற்காலி வாடகைக்குத் தரலாம்.

ஆ. மணமகள்களுக்கு மாத பாஸ் வழங்கலாம். மணமகன் மாறினாலும் செல்லும்.

இ. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் காசிமேட்டுக்கு வரும் ஆய்வாளர்களுக்கும் தடை விதிக்கலாம். கருத்துகள் இனப்பெருக்கம் செய்ய அவகாசம் கிடைக்கும்.

ஈ. மக்களைப் படமெடுத்துக் கட்டுரை எழுதும் ஆய்வாளர் எவராயினும், படம் ஒன்றுக்குக் குறைந்தது ஒரு கிலோ மீன், சொன்ன விலைக்கு, பேரம் பேசாமல் வாங்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் காட்டிப் பணம் திரும்பப் பெறுவதற்காக அந்த அம்மாவிடம் பில் கேட்கக் கூடாது.