போடியாரின் தள்ளுபடி

எங்கள் ஊர்ப் போடியார் ஒருவர் களவெட்டியில் நின்று இப்படிக் கணக்குப் பார்க்கிறார் என்று வையுங்கள்: “உன்னட்ட நான் 100 மூட்டை நெல்லு வாங்கினன். நீ என்ர கடையில 12 மூட்டைப் பெறுமதிக்குத்தான் சாமான் எடுத்திருக்காய். அப்ப மிச்சம் 88 மூட்டையும் நீ என்னட்டக் களவெடுத்தது. நான் நல்ல மனிசன், அரைவாசிய விட்டுட்டன். இனி நூற்றுக்கு 44 வச்சிட்டு வா.”

கல்முனையில் என்றால் அவருக்குத் தண்ணீர் ஓதிக் கொடுத்திருப்பார்கள். சொறிக்கல்முனையில் திருச்சிலுவைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் முழந்தாளில் விட்டிருப்போம். வொஷிங்டனில் இதற்குப் பொருளாதாரக் கொள்கை என்று பெயர்.

2025 ஏப்ரல் 2 அன்று ட்ரம்ப் தூக்கிக் காட்டிய பலகையில் இலங்கைக்கு நேரே இருந்தவை இதே இரண்டு எண்கள்தான்: 88, 44. 44 அவர்கள் நம் சாமானுக்குப் போடும் வரி, 88 நாம் அறவிடும் வரியாம். அது வரியே இல்லை. நாம் அங்கே விற்றதிலிருந்து அவர்களிடம் வாங்கியதைக் கழித்து, விற்றதால் வகுத்து வந்த விடை. சாதாரண தரப் பரீட்சையில் இந்தச் செய்கையைக் காட்டியிருந்தால் கணக்கு வாத்தியார் தாளை முகத்தில் எறிந்திருப்பார். ஆளே இல்லாத ஹேர்ட் தீவுக்கும் 10 வீதம் போட்டார்கள். அங்குள்ள பென்குவின்களிடம் யார் போய் அறவிடுவது என்பது வேறு கதை.

நாம் என்ன செய்தோம்? தூது போனோம். யூலையில் 30 வீதம் என்று கடிதம் வந்தது. நாட்டின் பெயரையும் எண்ணையும் மாற்றி மாற்றி உலகத்துக்கே அனுப்பிய அச்சுக் கடிதம். பொஸ்னியாவின் பெண் தலைவருக்கு ‘மிஸ்டர்’ போட்டே போயிருந்தது. மறுபடி தூது. ஓகஸ்டில் 20. உடனே கொழும்பில் வெடி கொளுத்தாத குறை: 44ஐ 20 ஆக்கிவிட்டோம்! ஏப்ரலுக்கு முதல் இந்த மேலதிக வரி பூச்சியமாக இருந்ததை யாரும் நினைவுபடுத்தவில்லை. பருத்தி டீசேர்ட்டுக்கு அவர்கள் ஏற்கெனவே அறவிட்டுவந்த 16.5 வீதத்தின் தலையில்தான் இந்த 20 ஏறிக் குந்தியது. பங்களாதேசுக்கும் வியட்நாமுக்கும் அப்போது அதே 20 என்பது ஆறுதலாக இருந்ததாம். இந்தியாவுக்கு 50 என்றதும் சில முதலாளிமாரின் முகத்தில் பெருநாள் களை.

இதைக் கொண்டாடியது எந்த அரசாங்கம்? ‘ஏகாதிபத்தியம்’ என்ற சொல்லைச் சுவருக்குச் சுவர் எழுதி வளர்ந்த கட்சியின் அரசாங்கம். அமெரிக்கா மிரட்டிய 1952இல் இருந்ததோ சிவப்பைக் கண்டால் மிரளும் ஐக்கிய தேசியக் கட்சி. கொரியப் போர்க்காலம், நாட்டில் அரிசி இல்லை. சீனாவுக்கு இறப்பர் விற்றால் உதவி கிடையாது என்றது அமெரிக்கச் சட்டம். சீனாவோடு நமக்குத் தூதரக உறவுகூட அப்போது இல்லை. வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க முறைத்துக்கொண்டு நின்றார். ஒப்பந்தம் முடிந்தது: 5 ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 50,000 தொன் இறப்பர் போகும், 270,000 தொன் அரிசி வரும். உதவி போனது, சோறு வந்தது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அன்று இறப்பர் வாங்க இன்னொருவன் இருந்தான். இன்று பெனியனையும் ஜட்டியையும் தூக்கிக்கொண்டு சீனாவிடம் போனால் அவன் நமக்கே விற்று அனுப்புவான். ஆனால் அந்த இன்னொருவனைத் தேட 1978இல் கட்டுநாயக்கா வலயம் வந்த நாள்தொட்டு நேரம் இருந்தது. 2010இல் ஐரோப்பா ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையைப் பறித்தபோது கன்னத்தில் ஓர் அறையும் விழுந்தது. அதற்குப் பிறகும் ஏற்றுமதியில் ஏறத்தாழ நாலில் ஒன்று, ஆடையில் ஏறத்தாழ 40 வீதம், அமெரிக்கா என்ற அந்த ஒரே கடைக்கு.

வரியைத் துறைமுகத்தில் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர்தான். அவர் இங்குள்ள முதலாளியிடம் “நீயும் கொஞ்சம் தாங்கு” என்பார். முதலாளி மனேஜரிடம் சொல்வார், மனேஜர் சூப்பர்வைசரிடம். சூப்பர்வைசருக்குக் கீழே லைன். லைனுக்குக் கீழே ஒருவருமில்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி அந்த லைனில்தான் நிற்கிறாள். 2025 ஏப்ரல் தொடக்கம் மாதம் 27,000 ரூபாய்க்குக் குறையக் கொடுக்கக்கூடாது என்று அந்த ஆண்டு சட்டம் வந்தது. அதில் போர்டிங் காசும் சாப்பாடும் போக மிச்சம் வீட்டுக்கு. போனில் கேட்டேன்.

“வரி கிரி எனக்கு விளங்குதில்ல மாமா. ஓவர்டைமக் குறைச்சிட்டாங்க, டார்கெட்டக் கூட்டிட்டாங்க.”

நத்தாருக்கு வருகிறாயா என்றேன். கிட்டங்கியில் தண்ணீர் ஏறிவிட்டதா, வள்ளக்காரன் எவ்வளவு கேட்கிறான் என்றாள். மாரிக்கு மாரி ஊர் வழியிலுள்ள அந்தத் தாம்போதி முங்குவதும் நாங்கள் வள்ளம் பிடிப்பதும் வழக்கம். அவன் கேட்ட காசைச் சொன்னேன்.

சிரித்துவிட்டாள். “முதல்ல சொல்ற விலைய நம்பாதீங்க மாமா. குறைச்சுத் தாற மாதிரிக் காட்டத்தான் அவ்வளவு சொல்றான்.”