கொல்லிமலையின் எட்டாவது வள்ளல்

ஆடிப்பெருக்கை ஒட்டிக் கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரிக்கு ஆண்டுதோறும் அரசு விழா நடக்கிறது. ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். இரந்து வந்தவர்க்கு யானையைக் கொடுத்தவன். அவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியதை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். பாடல் பெற்ற வள்ளலுக்கு விழா சரிதான். ஆனால் அதே மலைக்கு இன்றும் வந்துபோகும் இன்னொரு வள்ளலை யாரும் கண்டுகொள்வதில்லை.

அவரிடம் வில் கிடையாது. மடியில் முன்பணம் உண்டு. அதை ஒருமுறை எடுத்துவிட்டால் அப்பா, அம்மா, மூத்த பெண், இளைய பையன், இடுப்புக் குழந்தை என ஐந்தும் விழும். ஓரியின் குறி காட்டோடு நின்றது. இவருடையது மலையிறங்கிச் செங்கல் சூளை, கரும்புக்காடு, பஞ்சாலை, குடகு மிளகுத் தோட்டம் வரை பாயும்.

ஈகைக்குக் காலமறிய வேண்டும். தினையும் சாமையும் விளைந்த கொல்லைகளில் மரவள்ளி வந்துவிட்டது. கிழங்கு ஆலைக்குப் போகிறது, அரிசி கடையிலிருந்து வருகிறது. கிழங்கு விலை சரிந்த வருஷத்தில், வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும் நேரத்தில், வங்கிக்காரர் வருவாரா? வள்ளல் வருவார். 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி வாசலுக்கே வருவார். பத்திரம் கேட்கமாட்டார், ஜாமீன் கேட்கமாட்டார். "எங்க ஓடிப்போகுது? வேலை செஞ்சு கழிச்சுக்கலாம் வாப்பா" என்பார்.

கணக்கு எழுதும் சிரமத்தைக்கூட அவர்களுக்கு வைப்பதில்லை. நோட்டு சூளைக்காரரிடமே இருக்கும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி; பெயர் அப்பாவுடையது. காயும் கல்லைப் புரட்டிப் போடும் பத்து வயதுக் கைக்கு அந்த நோட்டில் இடமில்லை. அது விளம்பரம் விரும்பாத தர்மம். மழை வரும்வரை சூளை ஓடும் என்பதால், முழு ஆண்டுத் தேர்வு பயத்திலிருந்தும் பிள்ளைகளுக்கு விடுதலை. சீசன் முடிந்தும் கடன் தீராது. ஆகவே அடுத்த ஆண்டும் வேலை நிச்சயம். எந்த அரசாங்கம் இப்படியொரு உத்தரவாதம் தந்திருக்கிறது?

மூத்த பெண்ணின் கல்யாணக் கவலையையும் அவரே சுமக்கிறார். மூன்று ஆண்டு பஞ்சாலை விடுதியில் இருந்தால் கடைசியில் மொத்தமாகப் பணம். திட்டத்துக்குப் பெயரே 'சுமங்கலி'. இரண்டரை ஆண்டில் நோயோடு வீடு திரும்பினால், பணம் ஆலையிலேயே பத்திரமாக இருக்கும்.

பிள்ளை வளரட்டும் என்று காத்திருக்கும் பொறுமையும் அவருக்கு உண்டு. அது இல்லாதவர்களை 2019 ஏப்ரலில் பார்த்தோம். பச்சிளங் குழந்தைக்கு நிறமும் எடையும் பார்த்து விலை சொன்ன, ராசிபுரத்து ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரின் ஒலிப்பதிவு வெளியானது. கைதானவர்களில் கொல்லிமலை ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் ஒருவர். மலையில் எத்தனை பிள்ளை பிறந்தது என்று சரிபார்க்க அப்போதுதான் நமக்குத் தோன்றியது.

வள்ளலைக் காக்கும் சட்டத்தைப் பாடாமல் விட்டால் பாவம். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் மூன்றாண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் விதித்தது. அரிசி விலை ஏறியது, தங்கம் ஏறியது. அந்த 2,000 மட்டும் நிலைகுலையாமல் நிற்கிறது. கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு சட்டப்படி முதலாளியுடையது. அவருக்கு ஏன் சிரமம் என்று கல் புரட்டிய பிள்ளையிடமே ஆதாரம் கேட்கிறோம். மீட்கப்பட்ட குழந்தைக்கு 2 லட்சம் ரூபாய் மறுவாழ்வுத் தொகை உண்டு. உடனடியாக 30,000 வரை; மீதி வழக்கு முடிந்து குற்றம் நிரூபணமாகட்டும் என்று காத்திருக்கும். விடுதலைச் சான்று கைக்கு வராவிட்டால் அந்தக் காத்திருப்பும் மிச்சம்.

சான்று கேட்காமல், தவணை சொல்லாமல், வாசலில் முழுப் பணத்தையும் எண்ணி வைப்பவர் ஒருவர். மீட்ட பிள்ளையை வெறுங்கையோடு மலையேற்றிவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்பவர் இன்னொருவர். அடுத்த சீசனில் அந்தப் பிள்ளை யாருடைய வண்டியில் ஏறும் என்பதில் வள்ளலுக்கு இதுவரை சந்தேகமே வந்ததில்லை.