மறைகோப்பு இயல்

“பென் காலியா இருக்குண்ணே, போமட் அடிச்சிரவா?”

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வீதியில், மஹய்யாவப் பக்கம் போட்டோ கொப்பிக்கும் பிரின்ட்டுக்கும் நிற்கிறவர்களிடம் கேட்கப்படும் கேள்வி இது. நிற்பவர் அலுவலகம் மூட முன் போய்ச் சேர வேண்டிய அவசரத்தில் தலையாட்டிவிடுவார். அந்தத் தலையாட்டலைத் தடுப்பதற்காகவே இதை எழுதுகிறேன். காலியாகத் தெரியும் பென் டிரைவ்களில் பலவற்றின் உள்ளே எல்லாம் அப்படியே இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

இந்த ஊரில் இதை விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. நகரத் துப்புரவு வேலைக்கென்று வெள்ளைக்காரர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த குடும்பங்கள் மஹய்யாவ லயங்களில் வாழ்கின்றன. ஒரு தாளின் பெறுமதி மலையகத் தமிழருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், நீ இங்கே பிறந்தது போதாது, உன் தகப்பனும் இங்கே பிறந்தவர் என்பதற்கு அத்தாட்சி காட்டு என்றது. பிறப்புப் பதிவே இல்லாதவர்கள் எதைக் காட்டுவார்கள்? 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் என்று, பிரஜாவுரிமை மறுக்கப்பட்ட அந்தக் காயம் ஆற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. இன்று அந்தப் பிறப்புச் சான்றிதழ்களும், பிள்ளைகளின் ஓ.எல். பெறுபேறுகளும், தாத்தாவின் ஒரே படமும் ஸ்கேன் செய்யப்பட்டு ஒரு பென் டிரைவில் கிடக்கின்றன. அதைத்தான் போமட் அடிக்கவா என்று கேட்கிறார்கள்.

மறைத்தல் என்றால் கணினிக்குள் என்ன நடக்கிறது? ஃபேட்32 முறையில் எழுதப்பட்ட பென் டிரைவை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள ஒவ்வொரு கோப்புக்கும் அட்டவணையில் 32 பைட் நீளமுள்ள ஒரு பதிவு உண்டு. முதல் 11 பைட்டில் பெயர். 12ஆவது பைட்டில் கோப்பின் குணங்கள். அந்த ஒரு பைட்டின் எட்டு பிட்களில் ஒன்று, எழுதக்கூடாதது என்று சொல்லும். ஒன்று, மறைவானது என்று சொல்லும். இன்னொன்று, இயங்குதளத்துக்குரியது என்று சொல்லும். மறைவுக்குரிய பிட் பூச்சியத்திலிருந்து ஒன்றாக மாறினால் கோப்பு கண்ணிலிருந்து போய்விடும். படத்தின் ஒரு புள்ளிகூட இடம் மாறுவதில்லை. இதற்குக் கண்கண்ட சான்று வேண்டுமானால் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து புரொப்பர்ட்டீஸைப் பாருங்கள். திறந்தால் ஒன்றுமே இல்லாத பென்னில் பாதிக்கு மேல் நிறைந்திருப்பதாக நீல வட்டம் காட்டும். அந்த வட்டத்தைப் பார்க்கப் பத்து விநாடி போதும். பார்க்காமல் போமட் அடிப்பவரை நான் மன்னிக்கமாட்டேன்.

காப்பதற்காக மறைப்பது இந்த நாட்டுக்குப் புதிதில்லை. போர்த்துக்கேயர் காலத்தில் புத்தரின் புனித தந்தத்தைக் குருவிட்டைக்கு அருகே தெல்கமுவ விகாரையில் ஒரு குரக்கன் அரைக்கும் கல்லுக்குள் ஒளித்து வைத்தார்கள் என்று பௌத்த மரபு சொல்கிறது. எம்.எஸ். டொஸ் தன்னைத் தொடக்கி வைக்கும் இரண்டு கோப்புகளுக்கு மறைவுக் குறியும் இயங்குதளக் குறியும் இட்டு வைத்ததும் அந்த நோக்கத்தில்தான்: தெரியாத கை பட்டு அழிந்துவிடக் கூடாது.

யுனிக்ஸின் கதை வேறு. அங்கே ஒவ்வொரு கோப்புறையிலும் தன்னைக் குறிக்க ஒரு புள்ளியும், மேலுள்ள கோப்புறையைக் குறிக்க இரண்டு புள்ளிகளும் உண்டு. பட்டியல் போடும்போது இவ்விரண்டும் வரவேண்டாம் என்று நினைத்தவர்கள், முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்து விட்டுவிடும்படி நிரலை எழுதினார்கள். அதனால் புள்ளியில் தொடங்கும் எல்லாமே பட்டியலிலிருந்து விழுந்தன. பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ரொப் பைக் பின்னாளில் இதை விளக்கி, இது ஒரு குறுக்கு வழியின் விளைவு என்று எழுதினார். அந்தப் புள்ளி இன்று நம் கைப்பேசியிலும் இருக்கிறது. அண்ட்ரொயிட் போனில் ஒரு கோப்புறைக்குள் “.நோமீடியா” என்ற வெறுங்கோப்பு கிடந்தால், அதிலுள்ள படங்களை கேலரி காட்டாது. போனில் படம் தொலைந்தது என்று அழுகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

காப்பதற்கென்று வந்த குறியை வைரஸ் எழுதுபவர்கள் பிடித்துக்கொண்டார்கள். 2000 மே மாதத்தில் உலகைச் சுற்றிய ‘ஐ லவ் யூ’ கணினியிலிருந்த எம்.பி.3 பாடல்களை மறைத்துவிட்டு, அவற்றின் பெயரில் தன்னையே பிரதி எடுத்து வைத்தது. நம் கடைகளில் உலவும் ஷோர்ட்கட் வைரஸும் அந்த வழியில் வந்ததுதான். உங்கள் போல்டர்களுக்கு மறைவு, இயங்குதளம் என்ற இரண்டு குறிகளையும் போட்டுவிடும். அவற்றின் பெயரிலேயே ஷோர்ட்கட்களை வைக்கும். ஐகனின் இடது மூலையில் சின்ன அம்புக்குறி, அளவு ஓரிரு கிலோபைட், வகை என்ற நிரலில் “ஷோர்ட்கட்” என்ற சொல்: இந்த மூன்றும் இருந்தால் அதை டபிள் கிளிக் செய்யவே கூடாது. சில வகை இன்னும் ஒரு படி மேலே போய், எல்லாவற்றையும் பெயரே இல்லாததுபோல் தெரியும் ஒரு போல்டருக்குள் அள்ளிப் போட்டுவிடும். போல்டரே காணோம் என்று பதறுகிறவர்கள் அதற்குள் பார்க்க வேண்டும்.

இனி, காணும் முறை. வின்டோஸ் 10இல் போல்டர் சாளரத்தின் மேலே “வியூ”வைத் திறந்து “ஹிடன் ஐட்டம்ஸ்” என்பதற்குச் சரி அடையாளம் போடுங்கள். வின்டோஸ் 11இல் “வியூ”, அதற்குள் “ஷோ”, அதற்குள் அதே பெயர். சாதாரணமாக மறைந்தவை மங்கலான ஐகன்களோடு உடனே வந்துவிடும். வைரஸ் மறைத்தவை இதற்கு வரமாட்டா. பலர் இந்த இடத்தில்தான் கைவிட்டுவிடுகிறார்கள். “போல்டர் ஒப்ஷன்ஸ்” சென்று “வியூ” பகுதியில் “ஹைட் புரொடெக்டட் ஒப்பரேட்டிங் சிஸ்டம் பைல்ஸ்” என்பதிலுள்ள அடையாளத்தை எடுங்கள். எச்சரிக்கை ஒன்று வரும். “யெஸ்” கொடுங்கள். “ஹிடன் ஐட்டம்ஸ்” அடையாளம் போட்டும் தானாகப் பழையபடி மாறினால் கணினியே நோயுற்றிருக்கிறது. 2008இல் பரவத் தொடங்கிய கொன்ஃபிக்கர் என்ற கணினிப்புழு இந்த அமைப்பைத்தான் ரெஜிஸ்ட்ரியில் கெடுத்து வைத்தது. அப்போது பென்னைக் கழற்றி, சுத்தமான வேறொரு கணினியில் போட்டு, முதலில் வைரஸ் ஸ்கேன் செய்ய வேண்டும்.

கண்டபின் குறிகளைக் கழற்றுவதற்கு “அட்ரிப்” என்ற கட்டளை உண்டு. அதில் மைனஸ் எச்சையும் மைனஸ் எஸ்ஸையும் ஒரே வரியில் கொடுக்க வேண்டும். மைனஸ் எச்சை மட்டும் கொடுத்தால், இயங்குதளக் குறி உள்ள கோப்பை மாற்றமாட்டேன் என்று கணினி மறுத்துவிடும். தட்டச்சு செய்வதில் ஒரு பிழையும் இல்லாமல், இந்த ஒரு எஸ் இல்லாததால் தோற்றவர்கள் அதிகம்.

வெளிச்சத்துக்கு வந்த எல்லாமே வைரஸ் என்று நினைத்து அழிக்கவும் கூடாது. டெஸ்க்டொப்.இனி, தம்ஸ்.டிபி, வேர்ட் திறந்திருக்கும்போது அலைக்குறியும் டொலர் குறியுமாகத் தொடங்கும் சின்னக் கோப்பு, இவை எல்லாம் நம்மோடு எப்போதும் இருந்தவை. வேலை முடிந்ததும் எடுத்த அடையாளத்தைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

வேர்டைப் பற்றி இன்னொன்று. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் போனபோது, பாதி அடித்த கடிதங்களை இழந்தவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். வேர்ட் தானாகச் சேமிக்கும் பிரதிகள் “அப்டேட்டா” என்ற கோப்புறைக்குள் இருக்கின்றன. அந்தக் கோப்புறை பிறவியிலேயே மறைவானது. மேலே சொன்ன “ஹிடன் ஐட்டம்ஸ்” அடையாளத்தைப் போட்டால் அதுவும் தெரியும்.

தன் இரகசியங்களை மறைகோப்பாக வைத்து நிம்மதியாக இருப்பவருக்கும் ஒரு சொல்: நீங்கள் கண்டெடுத்த வழியிலேயே மற்றவரும் கண்டெடுப்பார். மறைவுக்குறி பூட்டு ஆகாது. அதற்குக் கடவுச்சொல் வேண்டும்.

கடை நடத்தும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, யாராவது பென்னை நீட்டி ஒன்றும் இல்லை என்று சொன்னால், போமட் அடிக்க முதல் அந்த நீல வட்டத்தைப் பாருங்கள், இரண்டு அடையாளங்களையும் மாற்றிப் பாருங்கள். பென்னை நீட்டுகிறவர்களே, அவர்கள் பார்க்காவிட்டால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை “சரி” என்று சொல்லாதீர்கள்.