கரம் சிரம் புறம் நீட்டாதீர்

கிருஷ்ணன்கோவில் விலக்கில் காத்துக்கிடந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அரசு பஸ் ஏறியவர்களுக்கு இந்த எச்சரிக்கை மனப்பாடம். எழுதிய புண்ணியவான் பாதத்தை மட்டும் மறந்துவிட்டார். தொண்ணூறுகளில் நான் வழக்கமாகப் போன வண்டியில், கடைசி சீட்டுக்கு முன்னால் பலகை இற்று, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓட்டை. குனிந்தால் தார் ரோடு ஓடுவது தெரியும். மழை பெய்தால் மேலே ஒழுகும், கீழே பீய்ச்சும். படுதா கிழிந்த ஜன்னலோரம் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் உண்டு. யாராவது வத்திராயிருப்புத் தேங்காய் மூட்டையை ஓட்டைமேல் வைத்தால்தான் நிம்மதி. வண்டி நின்றுபோனால், டிக்கெட் எடுத்த நாங்களே இறங்கித் தள்ளுவோம்.

கோபமா? மூச்! "கவர்மெண்டு வண்டி, அப்படித்தான் இருக்கும்."

கோபம் 1997இல் வந்தது. ஓட்டையைப் பார்த்து அல்ல, பெயரைப் பார்த்து.

பாண்டியன், சோழன், சேரன், கட்டபொம்மன் என்று எழுதிய பஸ்களில் ஏறியபோது யாருக்கும் உடம்பு கூசவில்லை. விருதுநகரை மையமாக வைத்துப் புதுப் போக்குவரத்துக் கழகம் பிரித்து, வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனின் தளபதி, வெள்ளைக்காரனை எதிர்த்து உயிரை விட்டவர். ஆனால், சாதியில் தேவேந்திரர். "அந்தப் பேரு போட்ட பஸ்ஸுல நாங்க ஏறணுமாக்கும்?" ஓட்டையில் காலை விட்டுக்கொண்டு ஏழு வருஷம் வாய் திறக்காதவர்களின் சுயமரியாதை, போர்டைப் பார்த்ததும் பொங்கிவிட்டது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் எரிந்தது. உயிர்கள் போயின. பஸ் கண்ணாடிகள் நொறுங்கின. எங்கள் வண்டியில் உருப்படியாக இருந்ததே அது ஒன்றுதான்.

அரசு ஜூலையில் தீர்ப்புச் சொன்னது. சுந்தரலிங்கத்தோடு வர மாட்டேன் என்றவனை இறக்கிவிடவில்லை, சுந்தரலிங்கத்தை இறக்கிவிட்டது. அவரை மட்டும் இறக்கினால் நன்றாயிருக்காதே என்று எல்லோரையும் இறக்கிவிட்டது. பாண்டியன் போனான், சோழன் போனான். யார் வம்புக்கும் போகாத திருவள்ளுவரும் தூரத்து பஸ்ஸிலிருந்து மூட்டையைக் கட்டினார். மாவட்டப் பெயரும் தப்பவில்லை: காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமாயிற்று. இதற்குப் பெயர் சமூக அமைதி!

பெயர் அழித்த புதிதில் எங்கள் பஸ்ஸில் ஏறினேன். பக்கவாட்டில் பச்சை வாசனை போகாத பெயிண்ட், பளபளவென்று. உள்ளே அதே இடத்தில் அதே ஓட்டை. கண்டக்டரிடம் காட்டினேன்.

"பேரை அழிக்கத்தான் சார் ஆர்டர் வந்துச்சு," என்றார். "காலைத் தூக்கி வச்சுக்குங்க."