மேனகை கரையேறிய ஊர்

எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு இரண்டு பெயர்களைச் சொல்லக்கூடாது. ஒன்று பாம்பு. மற்றது தவமணி தேவி. பாம்புக்குப் பகலிலாவது விலக்கு இருந்தது.

தவமணி தேவி யாழ்ப்பாணத்து இணுவில் பெண். 1937இல் சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸ் தன் முதற்படமாக 'சதி அகல்யா'வை எடுத்தபோது, டி. ஆர். சுந்தரம் அகலிகையாக நிறுத்தியது அவரைத்தான். கல்லாய்ச் சமைகிற பத்தினி வேடம். அந்தப் பத்தினி நீச்சலுடையில் நின்ற படங்கள் பத்திரிகைகளில் வர, சென்னை வாயைப் பிளந்தது. இணுவில் வாயை மூடிக்கொண்டது. புகையிலைக்கும் தவிலுக்கும் கந்தசுவாமி கோவில் மஞ்சத்துக்கும் பேர்போன ஊர். நீச்சலடிக்கக் கிட்டடியில் கடல்கூட இல்லை.

1940இல் எல்லிஸ் டங்கனின் 'சகுந்தலை'யில் எம். எஸ். சுப்புலட்சுமி சகுந்தலை, தவமணி மேனகை. அடுத்த ஆண்டு 'வனமோகினி': ஹொலிவூட்டின் டொரதி லமூர் பாணியில் உடுத்து, எம். கே. ராதாவோடும் ஒரு யானையோடும் காட்டில் திரிந்தார். 1947இல் 'ராஜகுமாரி', எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனான படம். அவரை மயக்கப் பார்க்கிற வேலை தவமணிக்கு. அந்தக் காலத்தில் அவருக்கு வைத்த பட்டம் 'சிங்களத்துக் குயில்'. இணுவில் குயிலைச் சிங்களத்துக் குயிலாக்கியதற்கு எங்கள் பெரியவர்கள் கோபித்திருந்தால் ஒரு நியாயம் இருந்திருக்கும். ஒருவரும் கோபிக்கவில்லை. "நல்லதாப் போச்சு, எங்கட பிள்ளையெண்டு சனம் நினையாது" என்று ஆறுதல்பட்டார்கள்.

"உவளின்ர கதை இஞ்சை வேண்டாம்" என்பா அம்மம்மா. கதையைத் தொடங்குவதும் பெரும்பாலும் அவதான்.

பிறகு படங்கள் நின்றன. 1962இல் தவமணி இராமேஸ்வரத்தில் கோடிலிங்க சாஸ்திரி என்பவரைக் கலியாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார். எங்கள் பகுதித் தரகர் எவருடைய கொப்பியிலும் இப்படியொரு சம்பந்தத்துக்குப் பக்கம் கிடையாது. மாப்பிள்ளை சாஸ்திரிகள், பெண் சினிமாக்காரி, பெண்ணின் ஊருக்கும் மாப்பிள்ளையின் ஊருக்கும் நடுவில் கடல். சாதகம் பார்த்தார்களா என்று கேட்கக்கூட ஒருவருக்கும் துணிவு வரவில்லை. புராணத்தில் மேனகை முனிவரின் தவத்தைக் கலைத்துவிட்டுத் தேவலோகம் திரும்பிவிடுவாள். இந்த மேனகை தேவலோகத்தை விட்டுவிட்டு வந்து 39 ஆண்டுகள் சாஸ்திரியின் ஊரிலேயே இருந்தார்.

இந்தக் கலியாணச் செய்திக்குப் பிறகு அம்மம்மாவின் பேச்சில் 'உவள்' போய் 'அவ' வந்தது. "எண்டாலும் கோயிலடியில எல்லே இருக்கிறா."

அந்த நாளில் தலைமன்னாரில் ஏறினால் கப்பல் தனுஷ்கோடியில்தான் கொண்டுபோய் விடும். 1914இலிருந்து அப்படித்தான். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போக, பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கே வரத் தொடங்கியது. ஊரை விட்டுப் போனவரின் வாசலடிக்கு ஊர்க்கப்பல் தேடி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

எழுபதுகளின் கடைசியில் நானும் அம்மம்மாவும் அந்தக் கப்பலில் போனோம். யாழ்தேவி ரயிலில் மதவாச்சி வரை, அங்கே மாறித் தலைமன்னார், பிறகு 'இராமானுஜம்'. அம்மம்மாவின் பையில் பிதிர்க்கடனுக்குக் கறுப்பெள்ளு. எள்ளுக்கு அடியில், அக்கரையில் விற்க லக்ஸ் சவர்க்காரமும் கராம்பும். சுங்கக்காரர் எள்ளைக் கண்டதும் கைகூப்பிப் பையை மூடிவிட்டார். பிதிர்கள் காப்பாற்றினார்கள்.

22 தீர்த்தமும் ஆடி, ஈரச் சேலை காலைத் தடுக்க, இராமேஸ்வரக் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் நடக்கிறோம். ஆயிரத்துச் சொச்சம் தூண்கள். வந்த சனமெல்லாம் தூணைப் பார்க்கிறது. அம்மம்மா எதிரே வருகிற பெண்களின் முகங்களைப் பார்க்கிறா.

"ஆரைத் தேடுறியள் அம்மம்மா?"

"ஒருத்தரையுமில்லை. நீ உன்ர அலுவலைப் பார்."

பத்துத் தூண் கழிந்தது.

"வயது போனாப் பிறகு எப்பிடி இருப்பா எண்டு தெரியேல்லை."

காணவில்லை. ஆரிடமும் விசாரிக்கவும் விடவில்லை. திரும்பும்போது ஒரு சங்கு வளையல் வாங்கினா. ஆருக்கு என்றதற்கு மறுமொழி இல்லை.

1983 ஆடிக் கலவரம் வந்தது. 1984இல் கப்பல் நின்றது. நின்றது கப்பல்தான், சனம் நிற்கவில்லை. கடல் தாண்டிப் போன ஒருத்தியின் பெயரைச் சொல்ல வாய் கூசிய ஊர்கள், வள்ளங்களில் இராவிராவாக அதே கடலைத் தாண்டின. நாற்சார் வீட்டில் வேலைக்காரருக்குக் கட்டளையிட்டுப் பழகிய என் மாமி ஒருவர் இராமேஸ்வரக் கரையில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, அலுமினியக் கோப்பையோடு வரிசையில் நின்றார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓர் அந்நிய ஊரில் முதலிலிருந்து தொடங்குவது வெட்கக்கேடு என்று தவமணி விஷயத்தில் தீர்ப்புச் சொன்னவர்களில் மாமியும் ஒருவர். அந்தத் தீர்ப்புக்கு மேன்முறையீடு வைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

இப்போது இணுவிலின் புகழ் பூத்தவர்களைப் பட்டியல் போடுகிறவர்கள் தவில் வித்துவான்களோடு தவமணி தேவியையும் சேர்க்கிறார்கள். ஊருக்குப் பக்கத்திலேயே மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பீடம் பரதத்துக்குப் பட்டம் கொடுக்கிறது. அரங்கேற்றம் என்றால் மண்டபமும் வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தமும் மாதக்கணக்கில் முன்பதிவு. 'குடும்பப் பெண் ஆடுவாளா?' என்று கேட்டவர்களின் பேத்திகள் ரொறன்ரோவில் ஆட, அந்த வீடியோ இரவு உணவுக்கு முன் எங்களுக்குக் கட்டாயம் காட்டப்படுகிறது. நான் சந்தோசமாகத்தான் பார்க்கிறேன். மூன்றாவது வீடியோவோடு கொஞ்சம் பசிக்கும், அவ்வளவுதான்.

ஒரு குறை. பட்டியல்காரர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுச் சினிமாவுக்கு ஒரு பக்கம் எழுதுகிறார்கள். 39 ஆண்டு இராமேஸ்வர வாழ்வுக்கு ஒரு வரி. 'பின்னர் ஆன்மீகத்தில் ஈடுபட்டார்' என்பது அந்த வரி. ஒரு பெண் புகழை விட்டு வந்து ஒரு மனிதரோடு குடித்தனம் நடத்தினார் என்று எழுதினால் காதல் என்று எழுதவேண்டி வந்துவிடும் என்ற பயமோ என்னவோ.

பயணமும் விசித்திரமாகிவிட்டது. 2019இலிருந்து பலாலியில் விமானம் ஏறிச் சென்னைக்குப் பறக்கலாம். 2023இல் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் கப்பல் விட்டார்கள். நேரே இராமேஸ்வரத்துக்குப் போகத்தான் வழியில்லை.

தவமணி தேவி 2001 பெப்ரவரி 10இல் இராமேஸ்வரத்தில் காலமானார். அப்போது ஏ9 பாதை பூட்டிக் கிடந்தது; இணுவிலிலிருந்து தரைவழியாக வவுனியாவுக்கே போகமுடியாது.

அம்மம்மா செத்த பிறகு தகரப்பெட்டியைத் திறந்தபோது கூறைச்சேலைக்கு அடியில் 'வித்யாபதி' படத்தின் பாட்டுப் புத்தகம் இருந்தது. தவமணி நடித்த 1946ஆம் ஆண்டுப் படம். அட்டை இல்லை, ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. உங்கள் வீட்டுப் பெட்டிகளையும் ஒருக்கால் கிளறிப் பாருங்கள். இப்படி ஏதும் அகப்பட்டால் கடலை சுற்றக் கொடுத்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் நூலக நிறுவனத்தார் இருக்கிறார்கள். கொண்டுபோய்க் கொடுத்தால் மின்வருடி எல்லாரும் வாசிக்க இணையத்தில் வைப்பார்கள்.